தோற்கக் கற்பிக்காத திடல்கள்

மாந்தர் நெஞ்சில் உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், அந்நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்து எண்ணினார். செல்வத்தோடும் அறிவோடும் விளையாட்டு ஒருங்கே வைக்கப்பட்டிருப்பது தமிழ் மரபு அதற்குத் தந்த மதிப்பைக் காட்டும். அதனினும் கருதத்தக்கது, அவ்வுவகைக்கு அவர் கொடுத்த அடைமொழியாகும். துன்பம் நீங்கிய மகிழ்ச்சியையே அவர் உவகை என்றார். பிறரை வருத்திப் பெறும் மகிழ்ச்சிக்கும், நெஞ்சு உறுத்த உறுத்தப் பெறும் வெற்றிக்கும் அவ்விலக்கணத்தில் இடமில்லை என்றே நாம் பொருள் கொள்கிறோம். அந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு இன்றைய நம் உயர்நிலைப் பள்ளிகளின் விளையாட்டுத் திடலுக்குச் சென்று பார்த்தால் என்ன தெரிகிறது? அதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர்க்கு ஊரில் எழுதப்படாத ஒரு பணி உண்டு. விழா எங்கு நடந்தாலும் ஒலிபெருக்கி அவர் கைக்கு வந்துவிடும். அவ்வகையில் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பள்ளிகளுக்கிடையிலான தடகளப் போட்டிகளில் அறிவிப்பாளராக நின்று வருகிறோம். ஓடத் தெரியாத நமக்கு ஓட்டத்தை மிக அருகில் காணும் வாய்ப்பு அவ்வாறு கிட்டியது. சுண்ணாம்புத் தூளால் கோடிட்ட ஓடுபாதை, வேப்பமர நிழலில் நடுவர் மேசை, மண்பானைத் தண்ணீர், வெறுங்காலோடு வந்து நிற்கும் சிற்றூர்ப் பிள்ளைகள், முள்காலணி அணிந்து வந்து நிற்கும் நகரப் பிள்ளைகள் ஆகிய அனைத்தும் ஆண்டுதோறும் நம் கண்முன் வந்து போகின்றன. காட்சி மாறவில்லை. ஆயினும் அதன் உள்ளிருந்த ஏதோ ஒன்று மெல்ல மெல்லத் தேய்ந்து வருகிறது.

முற்காலத்தில் எல்லாரும் அறவோராய் இருந்தனர், இக்காலத்தில்தான் கேடு புகுந்தது என்று பழம்பெருமை பேச நாம் முன்வரவில்லை. அன்றும் நடுவரோடு வழக்காடியவர் உண்டு. கபடித் திடலில் கைகலப்பும் உண்டு. எனினும் அன்றைய சண்டை மாலைக்குள் ஓய்ந்துவிடும். வென்ற பள்ளியும் தோற்ற பள்ளியும் ஒரே பேருந்தில் ஒன்றாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு திரும்பியதை நாம் கண்டிருக்கிறோம். தோல்வியால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. ஆகவே தோற்பது எளிதாக இருந்தது. இன்று ஒரு தோல்வி, ஒரு குடும்பத்தின் கணக்கையே மாற்றிவிடுகிறது. கேட்டின் வேர் இங்குதான் உள்ளது என்பது நம் கருத்து.

இதனைச் சற்று விளக்குவோம். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்க்கான குடியரசு தினப் போட்டிகளும் பாரதியார் தினப் போட்டிகளும் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக நடைபெறுகின்றன. அதற்கு மேல் 1954-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி உள்ளது. பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு படியிலும் ஒரு சான்றிதழ் கிடைக்கும். மேற்படியில் பெறும் சான்றிதழுக்குத் தொழிற்கல்விச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டின்கீழ் மதிப்பு உண்டு. இவ்வொதுக்கீடு நல்ல நோக்கத்தோடு ஏற்பட்டது. ஏழைப் பிள்ளைகள் பலரைக் கரையேற்றியும் இருக்கிறது. அதனைக் குறை கூறுவது நன்றி கொன்றதாகும். ஆனால், நான்கு நொடி முன்னே ஓடியவனுக்குக் கல்லூரியில் இடமும், பின்னே வந்தவனுக்கு வெறுங்கையும் என்று ஆகிவிட்டபின், அந்த நான்கு நொடியை விலைக்கு வாங்க விரும்புவோரும் தோன்றிவிட்டனர். ஓட்டத்துக்குப் பரிசாக வந்த தாள், ஓட்டத்தையே விழுங்கத் தொடங்கியது.

முதலில் விலைக்கு வந்தது வயது. பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் இடையே ஓர் ஆண்பிள்ளையின் உடல் எத்துணை மாறுகிறது என்பதை எந்தத் தாயும் அறிவாள். தோள் விரியும், கால் நீளும், மூச்சு கூடும். அந்த ஈராண்டு வளர்ச்சியை எவ்வளவு பயிற்சியாலும் ஈடுசெய்ய இயலாது. இதை அறிந்தோர், காலந்தாழ்த்திப் பதிந்த பிறப்புச் சான்றைக் கொண்டு பதினாறு வயதுப் பிள்ளையைப் பதினான்கு வயதுக்குட்பட்டோர் வரிசையில் நிறுத்துகின்றனர். மேல்வாயில் அரும்பிய மீசையை மழித்துவிட்டு வந்து நிற்கும் 'சிறுவர்'களை நாம் கண்டிருக்கிறோம். பக்கத்து ஓடுபாதையில், பால்மணம் மாறாத முகத்தோடு உண்மையான பதின்மூன்று வயதுப் பிள்ளை நிற்பான். வேட்டு ஒலித்தபின் நிகழ்வதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வூழல் நம் மாவட்டத்துக்கு மட்டும் உரியதன்று. நாடு முழுதும் பரவியதால்தான் 2010-ஆம் ஆண்டில் நடுவண் அரசு விளையாட்டில் வயது மோசடிக்கு எதிரான தேசிய நெறிமுறையைக் கொண்டுவந்தது. மணிக்கட்டை ஊடுகதிர்ப் படமெடுத்து, எலும்பின் முதிர்ச்சியைக் கொண்டு வயதை மதிப்பிடும் முறையைக் கிரிக்கெட் வாரியம் போன்ற அமைப்புகள் கையாளுகின்றன. ஆனால் நாம் நின்ற குறுவட்டத் திடல்களில் ஊடுகதிர்க் கருவி ஏது? ஒரு சான்றிதழும் ஒரு கையொப்பமுமே அங்குச் சாட்சி.

2015-ஆம் ஆண்டில் தில்லியில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவு ஆற்றிய கிரிக்கெட் வீரர் ராகுல் திராவிட், இந்த வயது மோசடியை நஞ்சு என்றே கண்டித்தார். பெற்றோரும் பயிற்சியாளரும் பொய்ச் சான்று செய்வதைக் காணும் பிள்ளை, தானும் ஏமாற்றத் துணிய மாட்டானா என்பது அவர் எழுப்பிய வினா. அதில் பாதிக்கப்படுவோர் இருவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. உண்மை வயதில் ஓடித் தோற்ற பிள்ளை, தனக்குத் திறமை இல்லை என்று நம்பித் திடலை விட்டே போய்விடுகிறான். பொய் வயதில் ஓடி வென்ற பிள்ளையோ, தனக்குத் திறமை உண்டு என்று நம்பி மேலே செல்கிறான். பெரியோர் பிரிவில் எல்லாரும் வளர்ந்துவிட்ட பிறகு அவனுடைய ஈராண்டு முதல் கரைந்துபோகிறது. பதக்கமும் நின்றுபோகிறது. இருவரும் தம்மைப் பற்றிய ஒரு பொய்யைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.

அடுத்து வந்தது மருந்து. 2023 செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டியில் நிகழ்ந்ததை நாளேடுகளில் படித்து நாணினோம். ஊக்கமருந்துச் சோதனை அலுவலர்கள் திடலுக்கு வந்துவிட்டனர் என்ற செய்தி பரவியதும் வீரர்கள் பலர் மறைந்துவிட்டனர். ஆண்கள் நூறு மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் ஓடினார்! அது பள்ளிப் போட்டியன்று. எனினும் பள்ளித் திடலிலிருந்து ஏறிச் சென்றோர் நிற்கும் மேடை அது. அடியில் வயதைத் திருத்தக் கற்றவன் மேலே குருதியைத் திருத்த அஞ்சுவானா?

இவ்வளவும் சொன்னபின் ஒரு வினா எழுகிறது. இதில் பிள்ளைகளின் பங்கு என்ன? நம் பட்டறிவில், மிகவும் குறைவு என்போம். இதற்குச் சான்றாக நாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுவது பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டப் போட்டியில் பதினேழு வயதுக்குட்பட்டோர்க்கான நானூறு மீட்டர் தொடரோட்டம் நடந்தது. நால்வர் ஆளுக்கு நூறு மீட்டராக ஓடி, பேட்டன் எனப்படும் கோலை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பெறும் ஓட்டம் அது. கோல் கைமாறுவதற்கென்று கோடிட்ட எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்தபின் கோல் கைமாறினால் அணி தகுதியிழக்கும். கடைசிக் கைமாற்றத்தின்போது, கைப்பேசியில் படமெடுக்கும் ஆர்வத்தில் பெற்றோர் சிலர் பாதையோரம் நெருங்கி நின்றமையால் அங்கிருந்த நடுவரின் பார்வை மறைந்தது. ஓர் ஆங்கிலவழிப் பள்ளியின் அணி முதலில் வந்தது. ஆரவாரம் எழுந்தது. யாரும் முறையீடு செய்யவில்லை.

முடிவை அறிவிக்க நாம் ஒலிபெருக்கியை எடுத்த வேளையில், அவ்வணியின் கடைசி ஓட்டக்காரன் மூச்சு வாங்க மேசைக்கு வந்தான். தலைமை நடுவரைப் பார்த்து, "சார், நான் கோட்டைத் தாண்டித்தான் சார் கோலை வாங்கினேன்" என்றான். நடுவர் வயதில் மூத்தவர். ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார். "உறுதியாகத் தெரியுமா, தம்பி?" என்றார். அவன் தலையசைத்தான். அணி தகுதியிழந்தது.

அதன்பின் நிகழ்ந்ததுதான் நம் நெஞ்சைவிட்டு அகலாதது. அவனுடைய உடற்கல்வி ஆசிரியர் ஓடி வந்து, "உன்னை யாருடா கேட்டது?" என்று அத்தனை பேர் நடுவே அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். உடன் ஓடிய மூவரும் அழுதனர். தந்தையார் வந்தார். மகனைத் தேற்றுவார் என்று எண்ணினோம். "மூன்று வருஷமா காலையில நாலு மணிக்கு எழுந்து உன்னைக் கூட்டிட்டு வந்தது இதுக்குத்தானா?" என்றார். பையன் விடை கூறவில்லை. அப்போது இரண்டாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு உயர்ந்த அணியின் தலைவன், ஓர் அரசுப் பள்ளி மாணவன், வெறுங்காலோடு நடந்து வந்து அவன் கையைப் பற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றான். ஒரு சொல்லும் பேசவில்லை. முடிவையும் அதன் காரணத்தையும் நாம் ஒலிபெருக்கியில் அறிவித்தோம். முதலில் கைதட்டியவர்கள் மாணவர்களே. பெரியவர்கள் கடைசியாகத்தான் தட்டினார்கள். சிலர் தட்டவே இல்லை.

அவ்வாசிரியரை நாம் கொடியவர் என்று கூறமாட்டோம். ஆண்டிறுதியில் எத்தனை பதக்கம் என்று எண்ணிப் பார்த்து அவர் வேலையை முடிவு செய்யும் நிருவாகத்தின் கீழ் அவர் பணியாற்றினார். தந்தையும் கொடியவர் அல்லர். மகனுக்கு ஒரு வாழ்வு வேண்டும் என்று விடியலைத் துறந்தவர். ஆனால் அன்று அப்பிள்ளை கற்றுக்கொண்ட பாடம் என்ன? பொய் சொன்னால் பதக்கம், மெய் சொன்னால் வசை. அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவன் பெயரைத் தேடினோம். இல்லை. கேட்டபோது, படிப்பில் கவனம் செலுத்துகிறான் என்றார்கள். முதல் மூன்று இடங்களுக்குச் சான்றிதழ் அச்சடித்து வைத்திருந்த அத்திடலில், அவன் செய்த செயலுக்குத் தருவதற்கு ஒரு தாளும் இருந்ததில்லை.

பிள்ளைகளின் பெயரால் பெரியோர் செய்யும் பிழை இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர்க்கான லிட்டில் லீக் பேஸ்பால் தொடரில் டேனி அல்மாண்டே என்னும் சிறுவன் நாடே வியக்கப் பந்து வீசினான். பின்னர் அவனுக்கு வயது பதினான்கு என்பது வெளிப்பட்டது. அணியின் வெற்றிகள் நீக்கப்பட்டன. பிறப்பு ஆவணத்தைத் திருத்திய தந்தைக்கும் அணியை நடத்தியவர்க்கும் அவ்வமைப்பு வாழ்நாள் தடை விதித்தது. தண்டனை பெரியோர்க்கே சென்றது என்பதில் ஒரு நீதி உண்டு. ஆயினும் உலகம் இன்றளவும் நினைவில் வைத்திருப்பது அச்சிறுவனின் பெயரைத்தான்.

இனி, தோல்வியை நம் முன்னோர் எவ்வாறு நோக்கினர் என்பதைச் சிறிது எண்ணுவோம். வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான், சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். மார்பில் பாய்ந்த வேல் முதுகிலும் புண் செய்ததற்கு நாணிச் சேரமான் வடக்கிருந்தான். வென்ற மன்னனையே விளித்துப் பாடிய வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், உன்னைவிட அவன் நல்லவன் அல்லனோ என்று கேட்டார். வென்றவன் முகத்துக்கு நேரே தோற்றவனைப் புகழ ஒரு புலவருக்குத் துணிவு இருந்தது. அதைக் கேட்கும் செவி அரசனுக்கும் இருந்தது. அப்பாட்டைப் புறநானூற்றில் தொகுத்து வைக்கும் மனம் சமூகத்துக்கும் இருந்தது. வீரத்தைப் பாடிய வள்ளுவரும், பகைவனுக்கு ஒரு தாழ்வு நேர்ந்தபோது அவனுக்கு உதவுவதே ஆண்மையின் கூர்மை என்று படைச்செருக்கு அதிகாரத்தில் வைத்தார். போருக்கே இவ்வறம் எனின், விளையாட்டுக்கு எத்துணை வேண்டும்!

அண்மைக் காலத்திலும் அவ்வறம் அற்றுப்போய்விடவில்லை. 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்ட் ஆட்டத்தில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர் குண்டப்பா விசுவநாத். இங்கிலாந்து ஐந்து விக்கெட்டுகளை இழந்து தடுமாறிய வேளையில் பாப் டெய்லர் ஆட்டமிழந்ததாக நடுவர் கைதூக்கினார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த விசுவநாத், நடுவரிடம் சொல்லி அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தனர். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. அத்தோல்வியின் புள்ளிவிவரம் பலர்க்கு மறந்துவிட்டது. விசுவநாத்தின் செயல் மறக்கவில்லை.

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நானூறு மீட்டர் தடையோட்டத்தில் பி.டி. உஷா ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கால் வெண்கலத்தை இழந்தார். முதலிடம் பெற்றவர் மொராக்கோ நாட்டு நவால் எல் முத்தவக்கில். தம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தேடித் தந்த மங்கை. மூன்றாமவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நான்காமவரையோ இந்நாட்டுக் குழந்தையும் அறியும். தோல்வி ஒருவரைச் சிறியவராக்குவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அவ்வாறாயின் செய்யத்தக்கது என்ன? சட்டத்தால் மட்டும் இது தீராது. சட்டமின்றியும் தீராது. பள்ளியில் முதல் வகுப்பில் சேர்க்கும்போது பதிவான வயதையே விளையாட்டுக்கும் இறுதியாகக் கொள்வது ஒரு வழி. கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கப்படும் உடற்கல்விப் பாடவேளையை மீட்பது இன்னொன்று. பத்துப் பேரைப் பதக்கத்துக்காகப் பழக்கிவிட்டு ஆயிரம் பேரை வேடிக்கை பார்க்க வைப்பது விளையாட்டுக் கல்வியாகாது. மாணவர்களையே முறைவைத்து நடுவர்களாக நிற்கச் செய்யலாம். விசிலை ஒருமுறை கையில் பிடித்தவன், மறுமுறை விசில் ஊதியவரை ஏசமாட்டான். தன் தவற்றைத் தானே உரைத்த பிள்ளைக்கும், விழுந்த எதிரியைத் தூக்கிவிட்ட பிள்ளைக்கும் தருவதற்கென ஒவ்வொரு போட்டியிலும் ஒரு சான்றிதழை அச்சடித்து வைக்கலாம். செலவு சில ரூபாய்கள்தாம். நம் பங்காக, கடைசியாக ஓடி முடிக்கும் பிள்ளையின் பெயரையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வழக்கத்தை மேற்கொண்டு வருகிறோம். அப்போது எழும் கைதட்டல், முதலில் வந்தவனுக்கு எழுவதை விடக் குறைவாக இருப்பதில்லை.

இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை ஆசிரியர்களாவீர்கள். எல்லாரும் ஒருநாள் பெற்றோராவீர்கள். உங்கள் பிள்ளை திடலிலிருந்து வீடு திரும்பும் மாலையில், "என்ன பரிசு?" என்று கேட்பதற்கு முன், "எப்படி விளையாடினாய்?" என்று கேளுங்கள். தோற்றுவிட்டு வந்தால் அருகில் அமர்த்திச் சோறிடுங்கள். வெல்லக் கற்பிக்க நூறு பேர் இருக்கின்றனர். தோற்கக் கற்பிக்க வீட்டில் நீங்களும் பள்ளியில் ஆசிரியருமே உள்ளீர்கள். அந்தப் பாடத்தை நடத்தும் பள்ளி பதக்கப் பட்டியலில் பின்தங்கலாம். ஆயினும் அதன் பிள்ளைகள் நாளை உண்மை சொல்ல வேண்டிய இடத்தில் யாரும் கேளாமலேயே உண்மை சொல்வார்கள்.